ராசிபுரம் பக்கம் நான் பட்ட பொறாமை

சேலம் பஸ் நிலையத்தில் ராசிபுரம் வண்டிக்காகக் காத்திருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "கொஞ்சம் புடிச்சுக்குங்கக்கா, முறுக்கு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. பிடுங்கியதை வாயில் வைத்தது. அவள் திரும்பி வருவதற்குள் நான் ஏற வேண்டிய வண்டி கிளம்பிப் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பெற்ற பிள்ளையை யார் கையில் கொடுத்தாலும் பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் பயணத்தில் நான் பட்ட பொறாமைகளில் அது முதலாவது, அளவில் மிகச் சிறியதும் கூட.

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. விடிவதற்கு முன்பே பால்மரம் சீவப் போகும் தாய்மார் தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கி வந்து அங்கே தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரே ஒரு ஆயா. அழுகிற பிள்ளையை ஆட்டுவாள், ஈரமானால் துணி மாற்றுவாள். அதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது. அங்கிருந்து என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் நிறத்தின் பெயர் தெரியாமல், நான்கு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாமல் வந்து உட்காருவார்கள். மானேஜரிடம் கேட்டால் "மேலிடத்தில் சொல்கிறேன்" என்பார். எங்கள் மேலிடம் லண்டனில் இருந்தது.

பிறகு பட்டணத்தில் நல நிதி ஒன்றை நடத்துகிறவர்கள், "உங்கள் ஆட்கள் என்ன போடுவார்கள், யார் நடத்துவார்கள் என்று ஒரு திட்டத்தோடு வாருங்கள், மீதியை நாங்கள் பார்க்கிறோம்" என்றார்கள். திட்டம் என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தம்பி முறையான பெரியப்பா மகன் தங்கவேலு, தன் ஊரில் பெண்களே சேர்ந்து பால்வாடி நடத்துவதாகவும், அதற்குத் தலைவியே தன் மனைவிதான் என்றும் கடிதத்தில் பெருமையடித்திருந்தான். தோட்டத்துத் தாய்மார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பள்ளி விடுமுறையில் என்னை அனுப்பிவைத்தார்கள்.

இரண்டாவது வண்டி பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எங்கள் ஊரில் என்றால் சாலையின் இரு பக்கமும் மரம் அடைத்துக்கொண்டிருக்கும். இங்கே வெயிலில் வெந்த கரட்டுக் குன்றுகள், நடுவே வரிசை தப்பாத குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளியை அப்படித்தான் சொல்கிறார்கள். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்திருந்த காலத்தில் அதைத் தின்றே உயிர் பிழைத்தவள் நான். இன்றுவரை அந்த வாசனை ஆகாது. இங்கே அதைப் பயிரிட்டு, அரைத்து, ஜவ்வரிசியாக்கிப் பணக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள்.

டயர் மாற்றும்வரை புளிய நிழலில் நின்ற பயணிகள் என் சேலையையும் பெட்டியையும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். "மலேயாவுங்களா?" என்றார் ஒரு பெரியவர். ஆமாம் என்றதும், "அங்க நாயித்துக்கெழம லீவாமா?" என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். "குடுத்து வெச்சவிய" என்றார். என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட்டது மனதுக்கு இதமாக இருந்தது.

தங்கவேலுவின் வீடு ராசிபுரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில். அவன் ரிக் லாரி வைத்திருக்கிறான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரம் ஏற்றிய அந்த லாரியோடு ஆந்திரா, ராஜஸ்தான் என்று வருஷத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பான். அன்றும் இல்லை. வாசலில் நின்றவள் அவன் மனைவி சம்பூரணம்.

"வாங்க நங்கை, வாங்க. வண்டி டயரு வெடிச்சு நின்னுபோச்சுன்னு கடைக்காரன் சொன்னான். ஒறம்பரைக்குப் போட்ட சந்தகை ஆறிப்போச்சு, போங்க."

இந்தப் பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்றும் கணவனின் அக்காளை நங்கை என்றும் சொல்கிறார்கள். என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சம்பூரணத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். பேச்சு மட்டும் எனக்கு மாமியார் வயது. சந்தகை என்பது நம் இடியாப்பம்தான். எள்ளுப்பொடியும் வெல்லப்பாகும் ஊற்றி, அதன் மேல் கை தாராளமாக ராசிபுரத்து நெய்யை விட்டாள். எங்கள் தோட்டத்துக் கடையில் டின்னில் வருகிற நெய்யை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் பொறாமை.

மறுநாள் பால்வாடி. நிலக்கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய குடோனை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் கேட்டது சத்தம். பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தன. என் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளை வாயைத் திறக்க ஒரு மாதம் ஆகும். இங்கே மூன்று வயசுக்காரி ஒருத்தி என் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து, "நீ ஆரு ஊட்டுக்கு வந்திருக்கற?" என்றாள்.

தறிக்காரர்கள் கொடுத்த நூல் சுற்றும் குச்சிகளை அடுக்கி ஒரு கூட்டம் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தது. மதியம் சோற்றோடு முட்டை. கோழிப்பண்ணைகளில் விரிசல் விட்ட முட்டைகளை விற்காமல் இங்கே அனுப்பிவிடுகிறார்களாம். டீச்சர் வசந்தாவின் சம்பளத்தை மட்டும் அரசாங்கத் திட்டம் ஒன்று கொடுக்கிறது. விறகு, பருப்பு, பாய், சுவர், கூரை எல்லாம் ஊரார் போட்டது.

"எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிறார்களே?" என்று கேட்டேன். நிலக்காரர் வீட்டுப் பிள்ளையும் அவர்கள் காட்டில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளையும் ஒரே பந்தியில் இருந்தன.

"மொத வருசம் பெரிய ஊட்டுக்காரிய ஒருத்தியும் அனுப்புலீங்க" என்றாள் சம்பூரணம். "எம் பையனக் கொண்டாந்து நடுவுல உக்கார வெச்சேன். எம் மாமியா ஒரு மாசம் எங்கூடப் பேசுல. அப்பறம் அவன் பாட்டுப் படிச்சுக் காட்டுனான். அடுத்த ஊட்டுப் பையன் படிக்கறான், எம் பேரன் படிக்கலியேன்னு ஒவ்வொருத்தியா வந்தா." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பொறாம நல்லதுங்க நங்கை. எனக்குப் பாதி வேல அதுதான் செய்யுது."

என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ.

அதற்கடுத்த நாள் திருச்செங்கோடு. ரிக் லாரிக்காரர்களைப் பார்த்து இன்னொரு பால்வாடிக்கு உதவி கேட்கச் சம்பூரணம் போனாள். நானும் கூடப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் வெளிமாநிலத்துக்குக் கிளம்பும் வண்டிகளுக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. டீசல் நாற்றம், கற்பூரப் புகை, எலுமிச்சம்பழம். சம்பூரணம் முதலாளிகளிடம் போகவே இல்லை. பெண்கள் நின்ற பக்கம் போனாள். ஒருத்தியை அக்கா, ஒருத்தியைச் சின்னம்மா, இன்னொருத்தியை நங்கை என்றாள். பொங்கல் கொடுத்து முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது: ஒவ்வொரு வண்டியும் வெளியூர் போய்த் திரும்பும் சுற்றுக்கு ஒரு போர்க் கிணற்றின் வருமானம் பிள்ளைகளுக்கு.

ஒரு முதலாளி மட்டும் முனகினார். "ஏஞ் சம்பூரணம், தண்ணி வராத போரையும் கணக்குல எடுத்துக்குவியா?"

"தண்ணி வராட்டியும் நீங்க காசு வாங்காம எறங்குனதில்லையே மாமா" என்றாள். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். வேலை முடிந்தது.

பொறாமையை எண்ணுவதையே விட்டுவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு ஊரெல்லாம் மாமா, மச்சான், சின்னம்மா. முதலாளியைப் பூசையில் வைத்துப் பிடிக்கிறாள். எங்கள் முதலாளியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் எந்தச் சாமிக்கு எப்போது பூசை போடுகிறார் என்று நான் எங்கே போய் விசாரிப்பது?

திரும்பும்போது மலைக்கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியவில்லை. ராசிபுரம் பக்கம் போன ஒரு கிழங்கு லாரியைச் சம்பூரணம் கை காட்டி நிறுத்தினாள். டிரைவரும் அவளுக்கு ஏதோ ஒரு முறையில் தம்பி. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். பிடுங்கின கிழங்கு இரண்டு நாள் தாங்காதாம், உள்ளே நீலம் பாய்ந்துவிடுமாம், அதனால் ஆலை வாசலில் எந்த வண்டியும் காத்துக் கிடக்காதாம். இஞ்சின் சூடு என் காலைப் பொசுக்கிக்கொண்டிருந்ததால் நான் அதைப் பாதிதான் கேட்டேன்.

மறுநாள் அந்தக் கிழங்கு போய்ச் சேரும் இடத்தையே பார்த்தேன். ஊருக்கு மேற்கே ஒரு சேகோ ஆலை. ஜவ்வரிசி காயும் களம் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. அதற்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கிழங்கின் தோலைச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தோல் குவியலுக்குப் பக்கத்திலேயே கைக்குழந்தைகள். புளித்த நாற்றம், ஈ. ஒரு குழந்தை சாக்கின் மேல் தூங்க, அதன் காலடியில் கத்தி ஒன்று கிடந்தது. வந்த நான்கு நாளில் முதல் தடவையாக, எங்கள் ஆயாக்கொட்டகை எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு சந்தோஷமும் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

சம்பூரணத்தின் இரண்டாவது பால்வாடி இங்கேதான் வர வேண்டும். ரிக்காரர்கள் சோற்றுக்கும் ஆயாவுக்கும் பொறுப்பு. ஆலை முதலாளி அர்த்தநாரி இடம் தர வேண்டும். ஒரு வருஷமாக அவரைச் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறாள். அன்று அவர் சீவும் பெண்களையும் கூட்டிவைத்து, களத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பழைய மூட்டைக் கொட்டாயை எடுத்துக்க சம்பூரணம். தண்ணிக் கொழாயும் போட்டுத் தாரேன்" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒண்ணே ஒண்ணு. கொட்டாய்ல உட்டா உட்டதுதான். மத்தியானச் சங்கு ஊதறவரைக்கும் ஒருத்தியும் தொட்டில் பக்கம் போகக்கூடாது. ஒருத்தி எந்திரிச்சா பத்துப் பேரு எந்திரிப்பீங்க. கெழங்கு கெட்டுப்போகும்."

"சரிங்க மாமா" என்று சம்பூரணம் உடனே சொல்லிவிட்டாள்.

என் பக்கத்தில் மாரியாயி என்ற பெண் நின்றிருந்தாள். மார்போடு அணைத்த குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. "அதுவரைக்கும் பால் குடிக்காம எப்படீங்க?" என்று அவள் முணுமுணுத்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். "எங்கள் தோட்டத்தில் பால் கொடுக்கிற தாயை வேலை நேரத்தில் போய்வர விடுகிறார்கள். தொழிற்சங்கம் பேசி வாங்கிக் கொடுத்தது. அதனால் வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை."

அதைப் பிள்ளைகளுக்காகத்தான் சொன்னேன் என்று எழுத ஆசை. பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி, எங்களிடமும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று சம்பூரணத்துக்குக் காட்டுவதற்காக.

பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நெசமாவுங்களா?" "முதலாளி ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?" "எங்களையும் அங்கயே கூட்டிட்டுப் போயிருங்கம்மா!" சம்பூரணத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் முகம் சிறுத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அர்த்தநாரி எழுந்தார். "மலேயாச் சட்டம் பேசறதுக்கு எங் களத்துல எதுக்கு எடம்? கொட்டாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போய்க் கெழங்கச் சீவுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சம்பூரணம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வீடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். "ஒரு வருசமாப் பேசிப் பேசி வழிக்குக் கொண்டாந்தேன் நங்கை. கொட்டாய் கைக்கு வந்தா அப்பறம் ஒவ்வொண்ணாக் கேட்டிருப்பேன். ஒரு வார்த்தையில ஒடைச்சுப்போட்டீங்க."

"பச்சைப் பிள்ளைக்குப் பால் இல்லாமல் என்ன பால்வாடி?" என்றேன்.

"தோல் மேட்டுல கெடக்கறத உடவா?" என்றாள்.

அன்று சோற்றில் என் தட்டுக்கு நெய் விழவில்லை.

மறுநாள் காலை நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல்கள். மாரியாயியும் நாலைந்து பெண்களும் வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்கள். என்னைத் தேடித்தான் வந்தார்கள் என்று எழுந்து போனேன். அவர்கள் சம்பூரணத்தைப் பார்த்தல்லவா பேசிக்கொண்டிருந்தார்கள்!

"நீங்கதான் சொல்லோணும்" என்றாள் மாரியாயி. "நாங்க எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சுப் போய்ப் பால் குடுத்துப்போட்டு வந்தா என்ன பண்ணிருவாருங்க?"

சம்பூரணம் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே யோசித்தாள். "கெழங்கு லாரி எப்ப வருது?"

"எட்டு மணிக்குள்ள நாலு வண்டி வந்துரும்."

"வண்டி எறக்குனதுக்கு அப்பறம் எந்திரிங்க. அதுக்கு முந்தி வேண்டாம். சத்தம் போடக்கூடாது, எதுத்துப் பேசக்கூடாது. பால் குடுத்துப்போட்டு வந்து உக்காந்து சீவுங்க. நா வாரேன்."

லாரிக்காரரின் நீலம் பாய்ந்த கிழங்கை நான் பாதி கேட்டேன் என்றேன் அல்லவா? அவள் முழுதாகக் கேட்டிருக்கிறாள்.

நானும் பின்னாலேயே போனேன். வண்டிகள் இறங்கின. கிழங்கு மலையாகக் குவிந்தது. ஒருத்தி கத்தியைக் கீழே வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். கைக்குழந்தைக்காரிகள் மட்டுமல்ல, பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டவர்களும் எழுந்தார்கள். வேலிக்கு வெளியே போய் வரிசையாக உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். தகரக் கூரையின் கீழ் ஒரு சத்தமும் இல்லை.

அர்த்தநாரி வேகமாக வந்தார். வாசலிலேயே சம்பூரணம் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. இப்ப வந்துருவாளுக. பாருங்க, ஆரம்பிச்சதுந் தெரியல, முடிஞ்சதுந் தெரியல. எல்லாரும் ஒரே நேரத்துல போயிட்டு ஒரே நேரத்துல வந்தா உங்களுக்குத்தானுங்க சுளுவு. மத்தியானத்துக்கு முந்தி ஒருக்கா, பொறகால ஒருக்கா. கொட்டாய் பக்கத்துலயே இருந்தா இந்த நடையும் மிச்சம்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்களாப் பெரிய மனசு பண்ணி உட்டீங்கன்னு திருச்செங்கோடு வரைக்கும் சொல்லிப்போடறேன். பக்கத்து ஆலைக்காரரு உங்களப் பாத்து வவுறெரியட்டும்."

அவர் கிழங்குக் குவியலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் இல்லாமல் சீவத் தொடங்கிவிட்ட பெண்களைப் பார்த்தார். "கொட்டாயை எடுத்துக்க. ஆனா ரெண்டு தடவதான்" என்றார். "மூணாவது தடவ எந்திரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

பேச்சைத் தொடங்கிவைக்க எனக்குத் தெரிந்திருந்தது. இப்படி முடித்துவைக்க என் ஆயுசுக்கும் தெரியாது.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் கொட்டகையில் தொட்டில் கட்டினார்கள். பழஞ்சேலைகள், பல நிறத்தில். குத்துவிளக்கை முதலாளியின் மனைவி ஏற்றினாள். முன்வரிசையில் நின்ற ரிக்காரர் வீட்டுப் பெண்களுக்குச் சந்தனம் கொடுத்தார்கள். சம்பூரணம் பேசினாள். பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்று தனக்கு வெகுநாளாகவே ஒரு எண்ணம் இருந்தது என்றாள். மாமா அதைப் புரிந்துகொண்டார் என்றாள். என் பெயர் எங்கும் வரவில்லை. கடைசி வரிசையில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாரியாயி தன் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வேலைக்குப் போனாள். அதைப் பார்த்த பிறகும் என் பெயர் வராதது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ராசிபுரம் பஸ் நிலையத்தில் சம்பூரணம் ஒரு தூக்கு நிறைய நெய்யை என் கையில் திணித்தாள். வண்டி வர நேரமிருந்தது. மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"உன்னைப் பார்த்து எனக்கு வந்த நாளிலிருந்து பொறாமை, சம்பூரணம்."

"தெரியுமே" என்றாள். "எனக்கும் உங்க மேலதானுங்க."

"என் மேலா? எதற்கு?"

"களத்துல எல்லாரும் உங்க பக்கம் திரும்பினாங்கள்ல, அதுக்குத்தான். அந்த வார்த்தை எனக்கும் தெரியுமுங்க நங்கை. மாரியாயி கொழந்தைய நா பாக்காமயா இருப்பேன்? ஆனா நீங்க சொல்லிப்போட்டு வண்டி ஏறிருவீங்க. நா நாளைக்கும் மாமா மூஞ்சியிலதான முழிக்கோணும்."

வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு முதலாளியிடம் அவ்வளவு துணிச்சலாகப் பேசிய நான், எங்கள் மானேஜர் "மேலிடத்தில் சொல்கிறேன்" என்ற ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு வந்தவள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் தாய்மாரைக் கூட்டினேன். யார் அரிசி தருவது, யார் முறை வைத்து வந்து ஆயாவுக்குத் துணையிருப்பது என்று பேசித் திட்டம் ஒன்று போட்டோம். பிறகு பதினோரு பேராக மானேஜர் அறைக்குப் போனோம். இன்னொரு ஆயா வேண்டும், பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும், மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான்தான் சொன்னேன். ஆயாவை அந்த மழைக்காலத்திலேயே போட்டார்கள். அறைக்கு மறுவருஷம் வரை இழுத்தடித்தார்கள். பட்டணத்து நிதிக்காரர்கள் கூரை போட்ட பிறகுதான் மேலிடத்தின் சுவர் வந்தது. மானேஜர் அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் "டீச்சர்" என்று கூப்பிடவில்லை. தினமும் காலையில் பள்ளிக்குப் போக அவர் பங்களாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் மூஞ்சியில் முழித்துக்கொண்டேதான் போனேன்.